தாட்சாயணி வீட்டுப் புகை

கரடிமேடு,
புத்தூர் தாலுகா.
18-1-1960

என் அக்காள் பெற்ற பிள்ளையும் என் மகளுக்கு மாலையிட்டவனுமாகிய மாப்பிள்ளை ஆதிநாராயணனுக்கு, கரடிமேட்டில் முதல் முளைக்குச்சி அடித்தவனான உன் மாமன் செங்கல்வராயன் எழுதுவது. பிலாய் ஊரில் நீயும் உன்னோடு இரும்பு உருக்குகிற நம் பக்கத்துப் பிள்ளைகளும் நன்றாயிருக்க மலைமேல் நிற்கிற பெருமாள் காவல். இங்கே நானும், தாட்சாயணியும், அவள் வயிற்றில் இருக்கிற உன் பிள்ளையும் ஆக மூன்று பேரும் சுகம்.

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கைக்கு வந்தது. தபால்காரர் மேட்டுக்கு ஏறமாட்டேன் என்கிறார். கீழே சாலையோரத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார். "அந்தப் புல்லுக்குள்ள பூந்து நான் திரும்பலேன்னா என் பெஞ்சாதிக்கு யாரு கடுதாசி எழுதறது" என்று கேட்டாராம். நான் எழுதுகிறேன் என்று சொல்லியனுப்பினேன். இங்கே பதினான்கு குடிக்கும் நான்தான் எழுத்து. மூன்றாம் வகுப்போடு நான் நின்றது, அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியாரிடம் பாடம் இல்லாததால்தான் என்பது உனக்குத் தெரியும்.

நிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ புரட்டாசியில் ரயிலேறியபோது பார்த்தபடிதான் மேடு இருக்கிறது. கண்ணுக்கு எட்டுமட்டும் மஞ்சம்புல், உள்ளே ஆள் நின்றால் தெரியாது, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஆனால் சர்க்கார் உன் பேரில் கொடுத்த இரண்டரை ஏக்கரில் முக்கால் ஏக்கரைத் திறந்துவிட்டேன். புல்வேர் பாய் முடைந்த மாதிரி பின்னிக் கிடக்கிறது. கலப்பை அதன்மேல் சறுக்குகிறது. பக்கத்து நிலத்துப் பாலையாவுக்கு இரண்டு கொழு உடைந்தது. கன்னையாவின் எருது முட்டி போட்டுப் படுத்துவிட்டது. நான் ஏரைப் பிடித்ததும் வேர் தானாக வழிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

வேரோடு பெயர்ந்த மண்கட்டிகளை அடுக்கி உன் வீட்டுச் சுவரை இடுப்பளவு உயர்த்தியிருக்கிறேன். அதற்கு மேலே தட்டி. காற்று கூரையைப் பிய்க்காமல் இருக்கக் குறுக்கே கயிறு போட்டு, நாலு பக்கமும் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காற்றடிக்கும்போது கல் சுவரில் மோதுகிற சத்தம் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று தாட்சாயணி சொல்கிறாள். யார் என்று கேட்டுவிட்டுப் பதில் வராமல் உட்கார்ந்திருக்கிறாளாம். பழகிவிடும்.

உன் கிணறு இருபது அடியிலேயே இளநீர் மாதிரி ஊறிவிட்டது. தாட்சாயணி விடியற்காலையில் ஓடைக்குப் போய் ஒரு குடம் கொண்டுவருகிறாள் என்றால், அது நடந்தால் பிள்ளைப்பேறு சுலபம் என்பதற்காக. போக ஒன்றரை மைல்தான்.

இன்னொரு விஷயம். ஐப்பசியில் சின்னசாமி விதைக்காக வெளியூர் போயிருந்தபோது அவன் பெஞ்சாதியைப் பாம்பு தொட்டுவிட்டது. வீடுகள் ஒன்றுக்கொன்று தூரம். காற்றில் குரல் போகாது. இரண்டு நாள் கழித்து அவன் வந்து கதவைத் தள்ளிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அதன்பின் எல்லோரையும் கூட்டி நான் ஒரு கட்டுப்பாடு செய்தேன். விடிந்ததும் அவரவர் வாசலில் நின்று அக்கம்பக்கத்து வீட்டுப் புகையைப் பார்க்க வேண்டும். புகை எழும்பினால் அந்த வீட்டில் எல்லாம் சரி. ஏர் கட்டுகிற நேரம் வரைக்கும் புகை வராவிட்டால், பக்கத்தில் இருக்கிறவர்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். என் வீட்டுக்குக் காவல் தேவையில்லை, அதை விட்டுப் பதினான்கு வீடு, பதினான்கு புகை. இப்படி ஒரு யோசனை கலெக்டருக்குக்கூட வந்திராது.

உன் வீட்டுக்கு மிக அருகில் பாலையா வீடு, இரண்டு பர்லாங் தள்ளி ஒரு திட்டின்மேல். அவன் பெஞ்சாதி வெங்கடம்மா வாய்க்கு இந்த மேடு போதாது. ஆனால் தினமும் உன் வீட்டுப் புகையைப் பார்த்துவிட்டுத்தான் தன் அடுப்பை மூட்டுகிறாள். என் வீடு அரை மைலுக்கு அந்தப்பக்கம். தாட்சாயணி என்னோடு வந்து இருக்கலாமே என்று எழுதியிருந்தாய். சட்டம் உனக்குத் தெரியாதா. ஒரே அடுப்பு என்றால் ஒரே பட்டா. அவள் என் வீட்டில் பொங்கித் தின்றால் உன் நிலம் போய்விடும். மூன்று வருஷம் அந்த அடுப்பு ஆறக்கூடாது.

பயம் என்கிற பேச்சே இங்கே கிடையாது. நான் அரிவாளைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வது பழக்கத்துக்காக. நீ வேலையில் கண்ணாயிரு. உன் அடுப்பு என் பொறுப்பு.

உன் நன்மையே நினைக்கிற மாமன்,
செங்கல்வராயன்


கரடிமேடு,
24-2-1960

மருமகன் ஆதிநாராயணனுக்கு மாமன் வாழ்த்தி வரைவது. உன் ஊரில் இரும்பு தண்ணீராய் ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். அதை வெங்கடம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "தண்ணி தண்ணியா ஓடற ஊர் எதுன்னு கேட்டு எழுதுய்யா" என்றாள். அவள் பேச்சை விடு.

கெட்ட கனவு கண்டேன், லீவு போட்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். உறுதியாகச் சொல்கிறேன், வேண்டாம். கனவுக்காக வேலையை விட்டு வருகிறவன் ஆண்பிள்ளையா. நான் எதற்கு இருக்கிறேன்.

காதுக்கு வேறு வழியில் வந்து நீ கலங்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுக்கு ஏன் கரடிமேடு என்று பேர் வந்தது என்பது தெரிந்துவிட்டது. இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் தாட்சாயணி உலை வைத்துக்கொண்டிருந்தாளாம். சுவருக்கு அந்தப்பக்கம் மண்ணைப் பறிக்கிற சத்தம். காற்றில் கல் ஆடுகிறது என்று இருந்திருக்கிறாள். பிறகு மூச்சு விடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. சுவர்க்கட்டியில் இருந்த கறையானைத் தேடி வந்திருக்கிறது கரடி. அவள் கொள்ளிக்கட்டையைக் கையில் பிடித்தபடி, அது போகிறவரைக்கும் அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நான் போனபோதும் கட்டையைக் கீழே போடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். மறுநாள் அதே கரடி என் எதிரில் வந்தது. கம்பால் மூக்கில் ஒரே போடு. நாகலாபுரம் வரைக்கும் ஓடியிருக்கும்.

அதிலிருந்து பொழுது சாய்ந்தால் தாட்சாயணிக்கு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. "நைனா, என்ன வேணா சொல்லு, பகல்ல இருக்கறேன், இருட்டினா மாட்டேன்" என்று அழுதாள். நீ இருந்தால் நீயும் என்ன செய்வாய். விளக்கு வைக்கும் முன்னே புல்லுக்குள் மறைவாக நடத்தி என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறேன். வெயில் ஏறினபின் கொண்டுபோய் விடுகிறேன். ஒருவருக்கும் தெரியாது.

தெரியக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏப்ரல் ஒன்றாம் தேதி எல்லை மாறுகிறதாம். சில ஊர்கள் மெட்ராஸ் பக்கம் போகிறதாம், சில இங்கே நிற்கிறதாம். கரடிமேடு எந்தப் பக்கம் என்று கன்னையா ஒன்று சொல்கிறான், டீக்கடையில் ஒன்று சொல்கிறார்கள். எந்தப் பக்கம் ஆனாலும் அதற்கு முன் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு நிலமாக வந்து, பட்டாக்காரன் குடும்பம் உண்மையாகக் குடியிருக்கிறதா என்று எழுதிக்கொண்டு போகப்போகிறார். சொல்லாமல் வருவாராம். அடுப்பில் கைவைத்துப் பார்ப்பாராம். நிலம் கிடைக்காமல் கீழே காத்திருக்கிறவர்கள் ஐம்பது பேர். ஒருவன் காதில் விழுந்தால் போதும்.

இங்கேதான் உன் மாமன் மூளை வேலை செய்தது. விடியற்காலையில் தாட்சாயணி என் வீட்டில் இருக்கிறாள், உன் வீட்டில் புகை வராது. புகை வராவிட்டால் வெங்கடம்மா ஓடிவருவாள், குட்டு உடைந்துவிடும். அதனால் நகரி மில்லிலிருந்து நாலு மூட்டை உமி கொண்டுவந்தேன். உன் வீட்டுக்குப் பின்னால் இருபது அடி தள்ளிக் குழி பறித்து, அதில் ஒரு பழைய பெரிய பானையை இறக்கி, அடியில் கனல், மேலே வறட்டி, அதன்மேல் உமியை இறுக்கி நிரப்பினேன். மாட்டுக்குக் கொசுமூட்டம் போடுகிறோமே, அதுதான், ஆனால் என் கைப்பாகம். ஒருமுறை போட்டால் ஒன்றரை நாள் அணையாது. தூரத்திலிருந்து பார்த்தால் கூரைக்குள்ளிருந்து புகை வருகிற மாதிரியே இருக்கிறது. இரண்டு வாரமாக ஊரே ஏமாந்துகிடக்கிறது. நேற்று வெங்கடம்மா, "உம் பொண்ணு என்னாய்யா, எனக்கு முன்னாடியே எழுந்து அடுப்பு பத்த வச்சிடறா" என்று மெச்சிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தாட்சாயணிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "ஆளே இல்லாத வூட்ல பொகை வரத பாத்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்குது நைனா, நான் உள்ள செத்துக்கெடக்கற மாதிரி" என்றாள். வாயைக் கழுவு என்று அதட்டினேன். கர்ப்பக்காரிகள் அப்படித்தான் பேசுவார்கள்.

கிழக்குச் சரிவில் மூன்று நாளாகப் புல் எரிகிறது. காற்று நம் பக்கம் இல்லை. திரும்பினாலும் நான் பார்த்துக்கொள்வேன்.

பிரசவம் சித்திரைக் கடைசியில். அதற்கு முன் அவளைப் புத்தூருக்கு அனுப்பிவிடுவேன். நீ வரவேண்டாம். மறுபடியும் எழுதுகிறேன், வரவேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் அடுப்பை அணையாமல் காக்கிற,
செங்கல்வராயன்


புத்தூர்,
30-3-1960

ஆதிநாராயணா,

தாட்சாயணிக்கு உயிருக்குப் பயமில்லை. பெண் குழந்தை. போன வியாழக்கிழமை பிறந்தது. கைக்குள் அடங்குகிற அளவு, ஆனால் அழுகிறது, பால் குடிக்கிறது. இதை முதலில் படித்துவிட்டு ஓர் இடத்தில் உட்கார். மீதியை உட்கார்ந்து படி.

புதன்கிழமை, மறுநாள் இன்ஸ்பெக்டர் மேட்டுக்கு வருகிறார் என்று டீக்கடையில் சேதி வந்தது. அவர் வரும்போது தாட்சாயணி உன் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு நாள் அங்கேயே இரு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். நான் அவளோடு இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேறொரு புத்தி. புத்தூருக்கு வண்டி கட்டிப் போய் இன்ஸ்பெக்டரை நானே ஏற்றிக்கொண்டு வந்தால், வழியெல்லாம் பேசி, உன் வீட்டை முதலில் காட்டிப் பேர் வாங்கலாம் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது மூட்டத்தை நிரப்பினேன். அவள் வேண்டாம் என்றாள். "நான்தான் இருக்கறேன்ல, நானே அடுப்பு மூட்டறேன்" என்றாள். நிறைவயிற்றோடு குனிந்து ஊதவேண்டாம், இது இருந்தால் நீ மெதுவாக எழுந்திருக்கலாம் என்று சொல்லி, ஒரு மூட்டை உமியையும் கொட்டி இறுக்கிவிட்டுப் போனேன். அவள் நன்மைக்குத்தான் செய்தேன். அதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கே காது கேட்கமாட்டேன் என்கிறது.

வியாழக்கிழமை விடியும்போது ஓடையிலிருந்து தண்ணீரோடு வந்தவள், வாசலில் கூரைக்கல் கட்டியிருந்த கயிற்றில் கால் தட்டி விழுந்தாள். குடம் கவிழாமல் விழுந்தாளாம். ஒன்றரை மைல் சுமந்த தண்ணீர் என்று இடுப்பைக் கொடுத்துக் குடத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். எழுந்திருக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் வலி கண்டுவிட்டது. ஒன்றரை மாதம் முந்தி.

அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "கூப்ட்டேன் நைனா. காத்து அந்தாண்ட அடிச்சிது. வெங்கடம்மா அக்கா வாசல்ல வந்து நின்னுச்சி. நம்ம வூட்ட பாத்துச்சி. பொகைய பாத்துச்சி. உள்ள போய்ட்சி. நான் பாத்துகினே இருந்தேன்."

மாப்பிள்ளை, அந்த மூட்டம் மட்டும் இல்லாதிருந்தால் அந்த நேரமே வெங்கடம்மா ஓடி வந்திருப்பாள். நான் போட்ட புகை, எல்லாம் சரி என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அதை நிறுத்தினால்தான் ஆள் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குடத்தை முன்னால் தள்ளி, பின்னால் ஊர்ந்து, வலி வரும்போது நின்று, வலி விட்டதும் நகர்ந்து, அந்த இருபது அடியைப் போயிருக்கிறாள். நாக்கு வறண்டு கிடந்தவள் ஒரு வாய் குடிக்கவில்லை. அவ்வளவு தண்ணீரையும் மூட்டத்தில் ஊற்றினாள். அது அணையவில்லை. உமி இறுகிக் கிடந்தது, நான் இறுக்கியது. தண்ணீர் பட்டதும் வெள்ளையாய், முன்னைவிட இரண்டு மடங்கு புகை கிளம்பியது. புல் அறுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த வெங்கடம்மா அதைப் பார்த்துவிட்டுப் பாலையாவிடம், "இன்ஸ்பெக்டருக்கு விருந்து ஆக்கறா போல, நமக்கு ஒரு வாய் சொல்லியனுப்பறாளா பாரு" என்றாளாம். இதை என்னிடம் சொல்லிவிட்டுத் தன் தலையில் அடித்துக்கொண்டாள் அந்த மனுஷி.

தண்ணீர் தீர்ந்ததும் தாட்சாயணி கையால் மண்ணைப் பறித்தாள். உழுத மண்ணா அது. வேர் பின்னிய மண். கட்டி கட்டியாகப் பெயர்த்துப் போட்டு, போட்டதை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி அணைத்திருக்கிறாள். இரண்டு உள்ளங்கையும் வெந்துவிட்டது. கூழ் குடிக்க உட்கார்ந்த வெங்கடம்மா நிமிர்ந்து பார்த்தபோது, மேகம் மாதிரி நின்ற புகை பட்டென்று அறுந்துபோயிருந்தது. "ஒலை வச்ச வூட்டுப் பொகை கொஞ்சங்கொஞ்சமாத்தான் எளைக்கும், இப்பிடி நிக்காது" என்று கலயத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

உன் மகள் அந்தக் குழியோரத்தில், புல்லில்தான் பிறந்தாள். கொடியறுக்கப் புல் அறுக்கிற அரிவாள் இருந்தது. அதைக் காய்ச்ச நெருப்பில்லை. பாலையா தன் அடுப்பிலிருந்து சட்டியில் கனல் வாரிக்கொண்டு இரண்டு பர்லாங் ஓடி வந்தான். பிறகு நாலு பேர் கட்டிலில் தூக்கித் தாயையும் பிள்ளையையும் வெங்கடம்மா வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இது ஒன்றும் தெரியாமல் நான் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டு மைலும் வாய் ஓயவில்லை. புகைக் கட்டுப்பாட்டைச் சொன்னேன். என் ஏற்பாடு சார், பதினான்கு வீடு, மாலை உலை வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேருவோம், மேட்டு விளிம்பில் நிறுத்துகிறேன், நீங்களே எண்ணுங்கள் என்றேன். நிறுத்தினேன். அவர் தெலுங்கில் விரல் விட்டு எண்ணினார். "பதமூடு" என்றார். பதின்மூன்று. நான் எண்ணினேன். பதின்மூன்று. காற்றில் கலைந்திருக்கும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கன்னையா வீட்டிலிருந்து ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லி எண்ணினேன். உன் வீட்டுக்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது.

ஒன்றரை நாள் அணையாது என்று நான் போட்ட மூட்டம் அது. அது அணைந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. தாட்சாயணி சொன்னது மட்டும் காதில் கேட்டது, நான் உள்ளே செத்துக்கிடக்கிற மாதிரி என்றாளே, அது. எருதை அடித்தேனோ, இறங்கி ஓடினேனோ. வீட்டுக்குள் யாருமில்லை. அடுப்பு குளிர்ந்திருந்தது. வாசலிலிருந்து பின்னால் குழி வரைக்கும் புல் நசுங்கி ஒரு தடம். கரடி இழுத்துப் போனால் அப்படித்தான் இருக்கும். குழிக்கருகில் ரத்தம். மாப்பிள்ளை, அந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். வெங்கடம்மா வந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, "யோவ், இருக்காய்யா, ரெண்டு உசுரும் இருக்குது, எழுந்து வா" என்று சொல்லும் வரைக்கும் நான் எந்த லோகத்தில் இருந்தேனோ.

இன்ஸ்பெக்டர் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். "நிப்பு லேதே" என்றார். நெருப்பில்லையே என்கிறார். பிறகு குழியைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். பன்னிரண்டு மைல் பேசின நான் காலால் மண்ணைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். வெங்கடம்மாதான் சொன்னாள். "இந்த வூட்ல பொகை நின்னதாலதான் சாமி அவ உசுரோட இருக்கறா. அடுப்பு ஆறிப்போச்சின்னு எழுதறதுன்னா அதையும் சேத்து எழுதிக்கோ" என்றாள். அவர் நோட்டில் வெகுநேரம் எழுதினார். கடைசியில் சொன்னது இதுதான். ஏப்ரல் இருபத்தைந்துக்குள் பட்டாக்காரன் நேரில் வந்து, இனி இங்கே குடியிருக்கிறேன் என்று தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் நிலம் வேறு ஆளுக்கு. சொல்லிவிட்டு, வண்டி பெண்ணுக்கு இருக்கட்டும் என்று மேட்டிலிருந்து நடந்தே இறங்கிப் போனார்.

அந்த வண்டியில்தான் புத்தூர் கொண்டுவந்தேன். இடுப்பெலும்பு பிசகியிருக்கிறது. கட்டுக் கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார், நாற்பது நாளில் நடப்பாள் என்கிறார். கைக்கு ஆஸ்பத்திரி டாக்டரம்மா மருந்து போடுகிறார்.

மேட்டில் உன் அடுப்பை நாங்கள் மாற்றி மாற்றி எரிக்கிறோம் என்று பாலையா சொன்னான். வெங்கடம்மா விடவில்லை. "ஆளில்லாத வூட்ல இனிமே பொகை வேணாம்" என்றுவிட்டாள். காலையில் பதின்மூன்றுதான் எண்ணுகிறார்கள்.

இதுவரை எழுதியதைத் தாட்சாயணிக்குப் படித்துக் காட்டினேன். நான் பன்னிரண்டு மைலையும் ஒரு மணியில் ஓட்டிவந்தேன் என்று மேலே ஒரு வரி இருந்தது, அடிக்கச் சொன்னாள். நீ பார்க்கிற அடித்தல் அதுதான். முன் கடிதங்களில் எழுதியதையும் திருத்தச் சொன்னாள். திருத்துகிறேன். கிணறு இருபது அடியில் பாறை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கரடியை நான் அடிக்கவில்லை, அதைப் பார்த்ததும் வண்டிமேல் ஏறிக்கொண்டேன். புகைக் கட்டுப்பாடு கன்னையாவின் யோசனை. ஏரில் எனக்கும் ஒரு கொழு உடைந்தது. "போதும் நைனா, உன்ன வுட்டா ஒண்ணுமே மிஞ்சாது" என்று கொஞ்சம் சிரித்தாள். ஒரு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

இப்போது அவள் கண்ணயர்ந்திருக்கிறாள். இனி எழுதுகிற நாலு வரியை அவளுக்குப் படித்துக் காட்டமாட்டேன். தினமும் பொழுது சாய்ந்தால் அவளுக்குக் காய்ச்சல் ஏறுகிறது. டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறார். கடிதத்தின் தலைப்பில் உயிருக்குப் பயமில்லை என்று எழுதியிருக்கிறேனே, அதையும் அடித்துவிடட்டுமா என்று அவள் கண்ணயரும் முன் கேட்டேன். "அது இருக்கட்டும் நைனா. அவரு மூணு நாள் ரயில்ல தனியா வரணுமில்ல" என்றாள்.

வரவேண்டாம் என்று இரண்டு தரம் எழுதிய கை இது. வா அப்பா. நிலத்துக்கு என்று சொல்லி லீவு கேள். என் தலையில் எழுதியிருக்கிற ஆயுசையெல்லாம் உங்கள் மூன்று உயிருக்கும் பெருமாள் பிரித்துக் கொடுக்கட்டும்.

உன் வரவுக்கு ரயில் நேரம் கேட்டு வைத்திருக்கிற,
செங்கல்வராயன்